கங்காணி ஏன் கெட்டவன்?

ஐயா, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கிறேன். கதையைத் திறக்கும் முன்பே என் மாணவர்கள் குறிப்புப் புத்தகத்தை மனனம் செய்துவிடுகிறார்கள். கருப்பொருள், பாத்திரப்படைப்பு, படிப்பினை எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. ஒரு மாறுதலுக்குக் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை வாசிக்கக் கொடுத்தேன். கதைசொல்லி ‘குழந்தைகள்மேல் அன்பு கொண்டவர்’ என்று எல்லாரும் எழுத, ஒரு மாணவி மட்டும் ‘ஓரவஞ்சனை பிடித்தவர்’ என்று எழுதிவிட்டாள். அவளுக்கு எப்படிப் புள்ளி போடுவது? இன்னொன்று, நம் ரப்பர்த் தோட்டக் கதைகளில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியும் அலுவலகக் கணக்கு எழுதும் கிராணியும் எப்போதும் கெட்டவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி என்ன எழுதச் சொல்வது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் எழுதியதும் தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கதைசொல்லியிடம் உயிராக இருக்கிறார்கள். அவரும் அப்படித்தான். புத்தாண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைப்பதில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பாகத் தருவதாக அதில் எழுதச் சொல்கிறான்.

இதில் கதைசொல்லி அன்பானவர் என்பது உண்மை. அவர் சிடுசிடுப்பான ஆளாக இருந்திருந்தால் சாரங்கன் எதையுமே எதிர்பார்த்திருக்க மாட்டான். அன்பானவர் கையிலிருந்து வராமல் போனதால்தான் வலிக்கிறது. ஆக, ‘அன்பானவர்’ என்ற சொல் எந்த இடத்தில் உடைகிறதோ அந்த இடத்தில் கதை இருக்கிறது. நான் எந்தப் பாத்திரத்தையும் இப்படித்தான் பார்ப்பேன். முதலில் ஒரு குணத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம், அந்தக் குணத்துக்கு ஒத்துவராத ஒரு செயலைக் கதைக்குள் தேட வேண்டும். கிடைத்தால் அது நல்ல கதை. கிடைக்கவே இல்லையென்றால், பெரும்பாலும் எழுதியவர்தான் பாத்திரத்தைத் தட்டையாக விட்டிருப்பார்.

உங்கள் மாணவியின் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓரவஞ்சனை என்றால் தெரிந்தே ஒருவரை ஒதுக்குவது. இவர் அப்படித் தெரிந்து செய்தாரா, அந்தப் பையனின் மனம் அவர் கண்ணில் படவே இல்லையா? இதைக் கதையை வைத்து அவள் வாதாடட்டும். சாரங்கனை எல்லாரும் ‘ஏங்கும் குழந்தை’ என்பார்கள். எனக்கு அவன் பெரிய பிடிவாதக்காரனாகத் தெரிகிறான். கிடைக்காததைத் தானே ஏற்பாடு செய்துகொள்கிறான், பாருங்கள்!

கருப்பொருளுக்கும் இதே கதைதான். ‘குழந்தை உள்ளத்தின் ஏக்கம்’ என்று எழுதினால் அது நூறு கதைகளுக்குப் பொருந்தும். ஒரு முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக: அன்பு காட்டுகிறவருக்கே தெரியாமல் அந்த அன்பு ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிடுகிறது. இந்த வாக்கியத்தை வேறு கதைக்குத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம்.

(இந்தக் கதை நம் ஊரில் நடப்பதில்லை. ஆனால் எழுதியவர் 1952இல் மலாயா வந்து கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். இங்கே எழுத வந்தவர்களைக் கூட்டி வைத்துக் கதைகளை அலசியவர். மாணவர்களிடம் சொல்லுங்கள், கொஞ்சம் நெருக்கமாக உணர்வார்கள்.)

சரி, கங்காணிக்கு வருவோம். காய்ச்சலில் கிடப்பவனை லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து உதைத்து எழுப்பிப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) அனுப்பும் கங்காணி நம் கதைகளில் நிறைய வருவார். ‘கொடியவர்’ என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவருக்கு வருமானம் எப்படி வந்தது என்று கேளுங்கள். அன்றன்று வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குத் தனியாகக் காசு உண்டு. ஓர் ஆள் படுத்தால் அவர் காசும் படுக்கும். அந்த ஆட்களைப் பெரும்பாலும் தன் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் அவரேதான் கப்பலேற்றிக் கூட்டி வந்திருப்பார். இப்படித் தொழிலாளர்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. ஆக, உதைபடுகிறவன் அவருக்குப் பங்காளி முறையாகவோ மச்சான் முறையாகவோகூட இருக்கலாம். அப்போது அந்த உதை வேறு மாதிரிப் படுகிறது. இதனால் அவர் நல்லவராகிவிட மாட்டார். ஆனால் கொடுமை அவர் சுபாவத்திலிருந்து மட்டும் வரவில்லை, சம்பளக் கணக்கிலிருந்தும் வருகிறது என்று மாணவர் எழுத முடியும். அப்படி எழுதினாலே கருப்பொருளில் பாதி வந்துவிடும்.

கிராணியும் அப்படித்தான். பல தோட்டங்களில் அவர் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்துக்காரராகவோ இருந்தார். இங்கிலீஷ் தெரிந்ததால் கிடைத்த நாற்காலி. மேலே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, கீழே லயம். துரை முன்னால் அவர் எப்படி நிற்கிறார், லயத்தில் எப்படி நடக்கிறார் என்று இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துரை முன்னால் நிற்கும் காட்சியையே ஆசிரியர் எழுதவில்லையென்றால், அதைக் குறையாகச் சுட்டிக்காட்ட மாணவருக்கு உரிமை உண்டு. திறனாய்வு என்றால் புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது?

கவிதையில் வேறு ஒன்றைக் கேட்க வேண்டும்: யார் பேசுகிறார்? பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டை நம் பள்ளிகளில் ஏதோ பேராக் தோட்டத்துப் பாட்டு போலவே பாடுவார்கள். அது பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றியது. அந்தப் பெண்கள் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கவிஞர் தூரத்தில் நின்று, நீ அவர்கள் அழுவதைக் கேட்டிருப்பாயே என்று காற்றைக் கேட்கிறார். ‘பெண்களின் துன்பம்’ என்று எழுதினால் பாட்டில் முக்கால்வாசி விட்டுப்போகிறது. போய்ப் பார்க்க முடியாதவனின் தவிப்பும் அதில் இருக்கிறது.

நாவலுக்கு ஒன்றே ஒன்று. முதல் அத்தியாயத்தில் எழுதிய குணச்சொல்லைக் கடைசி அத்தியாயத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘அன்பு கொண்டவர்’ என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பாதி போடுங்கள். அந்த மாணவி டைரி கொடுக்கும் காட்சியைச் சுட்டிக்காட்டியிருந்தால் முழுப் புள்ளி. காட்சியே இல்லாமல் தீர்ப்பு மட்டும் எழுதியிருந்தால் அவளுக்கும் பாதிதான். அரசாங்கத் தேர்வில் திருத்துகிறவர் கையில் விடைப்பட்டி இருக்கும். அங்கே வழக்கமான சொல்லை முதல் வரியில் எழுதிவிட்டு, இரண்டாவது வரியை ‘ஆனால்’ என்று தொடங்கச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்.