மேரி கியூரி முனைவர் வலையமைப்பு: ஜெர்மனியில் படித்தவர் அங்கேயே விண்ணப்பிக்க முடியாதா?

ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலை படிக்கும் இந்தியரான நீங்கள், அதே நாட்டின் மியூனிக்கில் உள்ள ஒரு முனைவர் ஆய்வு இடத்துக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியக் குடியுரிமை இங்கே தடையன்று. பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் ஆய்வாளர்களைப் பணியமர்த்தும், ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மியூனிக் இடத்துக்கு 'தகுதியில்லை' என்று பதில் வந்ததற்கு, ஆஹனில் நீங்கள் முதுகலை படித்துவரும் 22 மாதங்களே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், பணியமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ, படித்தோ, வேலை பார்த்தோ இருக்கக் கூடாது என்பது இத்திட்டத்தின் இடப்பெயர்வு விதி. மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இதில் தளர்வு கிடைக்காது. ஆகவே இந்த மறுப்பை உங்கள் திறமை மீதான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

சரிபார்க்க, விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து அல்லாமல் ஒப்பந்தம் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி 36 மாதங்களை எண்ணி, உங்கள் முகவரிப் பதிவுச் சான்றிலுள்ள தேதிகளோடு ஒப்பிடுங்கள். விடுமுறைக்காகச் சென்ற குறுகிய பயணங்கள் கணக்கில் வாரா.

பிறகு அதே அறிவிப்பை மீண்டும் திறந்து, பிற நாடுகளில் உள்ள இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அதன் நாட்டை வைத்தே விதி பொருந்துவதால், பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ உள்ள இடத்துக்கு உங்கள் ஜெர்மனி மாதங்கள் தடையாகா. விண்ணப்பதாரர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவ்விதி இத்திட்டத்துக்கு உரியது. மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளிலும், பல்கலைக்கழகங்கள் ஊதியத்துடன் அறிவிக்கும் வழக்கமான ஆய்வாளர் பணிகளிலும் இது கிடையாது. ஆனால் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைக்கு ஜெர்மனியில் தங்கிய காலம் குறித்துத் தனி வரம்பு உண்டு.