கும்மட்டமும் கும்பமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தால் கல்தூண்கள் தாங்கும் தட்டைக் கூரைதான். தர்காக்களின் உச்சியில் உருண்டையாக இருப்பதை எங்கள் உம்மா 'கும்மட்டம்' என்பார்கள். மகனின் பாடப்புத்தகம் 'குவிமாடம்' என்கிறது. கும்பம்தான் கும்மட்டம் ஆனது என்கிறார் என் நண்பர். சரிதானா?

வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

கும்மட்டம் பாரசீகச் சொல். அங்கே 'கும்பத்'. கர்நாடகத்துப் பிஜப்பூரின் பெரிய கல்லறை மாளிகையான கோல் கும்பஸின் பெயரில் இருப்பதும் அதுதான். கவிழ்த்த குடம்போல இருப்பதால் உங்கள் நண்பருக்குக் கும்பம் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் ஒலி ஒத்துவந்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. ஈரானில் 1006-இல் எழுந்த 'கும்பதே காபூஸ்' ஓர் அரசரின் கல்லறைக் கோபுரம். உச்சி உருண்டையில்லை, கூம்பு. அங்கே அந்தச் சொல் கல்லறை முழுவதையும் குறிக்கிறது. அரபியின் 'குப்பா'வும் இப்படித்தான்: கூரையும் அதுவே, அதன் கீழுள்ள அடக்கத்தலமும் அதுவே.

ஆங்கில 'டோம்' லத்தீனில் வெறும் வீடு. இறைவனின் வீடு என்று இத்தாலியில் பேராலயத்தை 'துவோமோ' என்றார்கள். பிறகு அந்தச் சொல் உச்சிக்கு ஏறிக்கொண்டது. நம் குவிமாடத்திலும் ஒரு வீடு இருக்கிறது, கவனித்தீர்களா? மாடம் என்றால் மாடிவீடு. பாத்திரத்தின் பெயர் உச்சிக்கு வந்தது என்ற உங்கள் நண்பரின் ஊகம் பலித்த இடமும் ஒன்று உண்டு: குவிமாடத்துக்கு இத்தாலியர் சொல்லும் 'குபோலா', லத்தீனில் சின்னத் தொட்டி.

நம் கோயில் சிற்பிகளின் சொற்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். கருவறை மேல் எழும் விமானத்தில் கழுத்துக்கு மேல் உட்காரும் தலைதான் சிகரம். வட்டம், எட்டுப்பட்டை, சதுரம் என்று வடிவம் மாறும். வடக்கே சிகரம் என்றால் முழுக் கோபுரம். பௌத்தர்களுக்கு ஸ்தூபம் ஒரு முழு மேடு, நம் சிற்பிக்கோ ஸ்தூபி உச்சிக் கலசம் மட்டும். கும்பத்தை அங்கே தேடலாம்: குடத்து நீரைக் கலசத்தில் ஊற்றுவதுதானே கும்பாபிஷேகம்!

குவிமாடம் புத்தகத்துக்குச் சரி. ஆனால் கும்மட்டம் வெகுதூரம் கடந்து வந்து உங்கள் உம்மாவின் பேச்சில் உயிரோடு இருக்கிற சொல். மகனுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், வீட்டின் திண்ணை, முற்றம், வாசல் இவற்றுக்கு உம்மா வேறென்ன பெயர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.