வளைந்த மாடிப்படிக்கு ஒரு லிஸ்ப்: கோடு எங்கே பிசகுகிறது?

கேள்வி: வீட்டு பிளானில் ஹாலுக்குள் அரைவட்டமாக ஏறும் மாடிப்படி. பார்ட்டி ஆரத்தை மாற்றச் சொல்லும்போதெல்லாம் படிக்கோடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கிறது. ஆட்டோகேடில் இதற்கு ஒரு லிஸ்ப் (அதற்குள்ளேயே ஓடும் சிறு நிரல், அதாவது மேக்ரோ) எழுதினேன். 18 ரைசர் (ஒரு படியிலிருந்து அடுத்ததற்கான ஏற்றம்), 180 டிகிரி. சில கோடுகள் பக்கத்துக் கோட்டின் முனையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கடைசிப் படியோ சுவரைத் தொடாமல் நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கடைசிப் படி சுவரைத் தொடாததை முதலில் பார்ப்போம். அளந்து பாருங்கள், அநேகமாகச் சரியாக 170 டிகிரியில் நின்றிருக்கும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

18 ரைசர் என்றால் பிளானில் 18 கோடுகள். கோடுகளுக்கு நடுவே வரும் மிதிகள், அதாவது கால் வைக்கும் இடங்கள், 17தான். 180ஐ 18ஆல் வகுத்திருந்தால் மிதிக்கு 10 டிகிரி, 17 மிதிக்கு 170. சரி, 17ஆல்தானே வகுத்தேன் என்கிறீர்களா? ஆட்டோலிஸ்ப்பில் இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். பின்னம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். 10.588 வரவேண்டிய இடத்தில் 10 வரும். மறுபடியும் 170. 180 என்பதை 180.0 என்று எழுதினால் இது தீர்ந்தது. அதைவிட, டிகிரியையே விட்டுவிடுவது நல்லது. லிஸ்ப்பின் கோணக் கணக்கு முழுவதும் ரேடியனில்தான் நடக்கிறது. பை என்ற மாறிலியும் அதில் தயாராக இருக்கிறது. பையை 17ஆல் வகுத்தால் ஒரு மிதிக்கு 0.1848 ரேடியன்.

வரைவதற்கு முன் இந்தப் படியில் ஏற முடியுமா என்பதையும் மேக்ரோவையே சோதிக்க வைக்கலாம். தளத்திலிருந்து தளம் 3150 மி.மீ. என்றால் 18 ரைசருக்குத் தலா 175. படி அகலம் 1000, உள் ஆரம் 800 என்று வைத்தால், நடுவில் நடக்கும் கோட்டின் ஆரம் 1300. அதை 0.1848ஆல் பெருக்கினால் மிதி 240 மி.மீ.தான். குடியிருப்புகளின் உட்புறப் படிக்கு மிதி குறைந்தது 250, ரைசர் அதிகபட்சம் 190 என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. ஆக, உள் ஆரத்தை 860 ஆக்குங்கள். நடுக்கோடு 1360 ஆகி, மிதி 251 கிடைக்கும். இரண்டு ரைசரும் ஒரு மிதியும் சேர்ந்து 600 முதல் 640க்குள் இருக்கவேண்டும் என்ற பழைய சூத்திரத்துக்கும் 601 என்று, விளிம்பில்தான் என்றாலும், உள்ளே வந்துவிடுகிறது. மிதி 250க்குக் கீழே போனால் ஒரு எச்சரிக்கை வரி காட்டும்படி எழுதிவிட்டால், பார்ட்டி கேட்கும் ஆரம் சரிப்படுமா என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

இனி ஒட்டிக்கொள்ளும் கோடுகள். 'கமாண்ட்' ஃபங்ஷன் வழியாக லைன் போட்டிருப்பீர்கள். அப்படிக் கொடுக்கும் புள்ளிகளை, மவுஸால் கிளிக் செய்த புள்ளிகளைப் போலவே ஆப்ஜெக்ட் ஸ்னாப் (பக்கத்து முனையைத் தானே பிடிக்கும் வசதி) இழுத்துவிடும். ஸ்னாப்பின் பிடி திரைப் பிக்சலில் அளக்கப்படுவது. உள்பக்க முனைகள் 160 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், ஜூம் அவுட் செய்த நிலையில் ஓட்டினால் இரண்டு முனைகள் ஒரே பிடிக்குள் வந்துவிடும். அதனால்தான் அதே மேக்ரோ ஒரு நாள் ஒழுங்காக வரைகிறது, ஒரு நாள் கோணல் பண்ணுகிறது. ஸ்னாப் அமைப்பை வைத்திருக்கும் ஆஸ்மோடை 0 ஆக்கிவிட்டு முடிவில் பழைய மதிப்பைத் திருப்பிவைப்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஆனால் நடுவில் எஸ்கேப் அழுத்தினால் ஸ்னாப் அணைந்தபடியே கிடக்கும். அதற்காகத் தனியாக ஒரு எரர் ஃபங்ஷன் எழுதவேண்டும். எங்கள் பரிந்துரை என்ட்மேக் ஃபங்ஷன். அது பொருளை நேரே டிராயிங்கில் சேர்த்துவிடும், ஸ்னாப் பக்கமே போகாது.

வேலை நடக்கும் வரிசை இது. புள்ளி கேட்டு வாங்கும் கெட்பாயிண்ட்டால் மையத்தையும், முதல் படி தொடங்கும் திசையில் ஒரு புள்ளியையும் வாங்குங்கள். யூசிஎஸ் (பயனர் தன் வசதிக்கு வைக்கும் ஆய அச்சுகள்) திருப்பப்பட்ட டிராயிங்காக இருக்கலாம். என்ட்மேக்குக்கோ உலக ஆயங்கள்தான் தெரியும். ஆகவே வாங்கிய கையோடு இரண்டு புள்ளிகளையும் 'டிரான்ஸ்' மூலம் 1லிருந்து (யூசிஎஸ்) 0க்கு (உலக ஆயம்) மாற்றிவிடுங்கள். பிறகு 'ஆங்கிள்' ஃபங்ஷன் அந்த இரண்டையும் வைத்துத் தொடக்கக் கோணத்தைத் தரும். ஆரத்தையும் அகலத்தையும் நீளம் கேட்கும் கெட்டிஸ்ட்டால் கேளுங்கள். வெறும் எண் கேட்கும் கெட்ரியல் போட்டால் அடி-அங்குலத்தில் வரைபவர்கள் அளவை அப்படியே டைப் செய்ய முடியாது. ரைசர் எண்ணிக்கைக்கு, முழு எண் கேட்கும் கெட்இன்ட். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இனிட்கெட் 7 வைத்தால் வெற்று என்டர், சுழியம், எதிர்மறை எண் மூன்றும் நுழையாது.

அடுத்தது சுற்று. எண்ணியை 0 முதல் 17 வரை ஓட்டுங்கள்; ஒவ்வொரு முறையும் கோணம் = தொடக்கக் கோணம் + எண்ணி × 0.1848. அந்தக் கோணத்தில் 'போலார்' ஃபங்ஷனுக்கு மையத்தையும் உள் ஆரத்தையும் கொடுத்தால் ஒரு முனை. வெளி ஆரத்தைக் கொடுத்தால் மறுமுனை. சைட்டில் மேஸ்திரி மையத்தில் ஆணி அடித்து நூல் பிடித்துக் குறிப்பதும் இதே வேலைதான்.

என்ட்மேக்குக்குக் கொடுக்கும் பட்டியலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பட்டியல் முழுவதற்கும் முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டால், உள்ளே இருக்கும் மாறிகள் மதிப்பாக மாறாமல் வெறும் பெயராகவே போகும். கோடு விழாது, 'பேட் டிஎக்ஸ்எஃப் குரூப்' என்ற பிழைச் செய்தி வரும். மேற்கோள் மாறாத பகுதிக்கு மட்டும். 10, 11 என்ற எண்களோடு (கோட்டின் இரு முனைகளுக்கான குறியெண்கள்) புள்ளிகளைச் சேர்க்க 'கான்ஸ்', வெளியே 'லிஸ்ட்'.

உள், வெளி வளைவுகளுக்கு ஆர்க்: 10 மையம், 40 ஆரம், 50 தொடக்கம், 51 முடிவு. ஆர்க் எப்போதும் இடஞ்சுழியாகவே போகும். படி வலஞ்சுழியாக ஏறினால் மிதிக்கோணத்தை எதிர்மறையாக்கி, 50, 51 இரண்டையும் இடம் மாற்றுங்கள். மறந்தால் அரைவட்டப் படியில் வளைவு மட்டும் எதிர்ப்பக்கம் போய் உட்காரும்.

பிளான் என்பது தரையிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் வெட்டு என்று கொண்டால், 175 ரைசருக்கு ஏழாவது கோட்டோடு முழுக்கோடு முடிந்து, மேலே புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டுக்கான லேயர் டிராயிங்கில் இல்லையென்றால் என்ட்மேக் தானே உருவாக்கிவிடும், ஆனால் தொடர்கோடாக. ஆகவே லேயரையும் லைன்டைப்பையும் டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள். புள்ளிக்கோடு போட்டும் தொடர்கோடாகத் தெரிந்தால், கோட்டு வகையின் அளவைக் கட்டுப்படுத்தும் எல்டிஸ்கேலைப் பாருங்கள்.

ஃபைலை ஆப்லோடு கட்டளையில் ஏற்றும்போது 'மால்ஃபார்ம்டு லிஸ்ட்' என்று வந்தால் ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லை. ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைந்த ஆட்டோகேட்) வைத்திருந்தால் விண்டோஸில் 2024 பதிப்பு முதல்தான் லிஸ்ப் ஓடும்.

சோதிக்கும்போது டிராயிங்கை நன்றாக ஜூம் அவுட் செய்து, எல்லா ஸ்னாப்பும் எரிந்திருக்க, உள் ஆரம் 860, அகலம் 1000 கொடுத்து ஓட்டுங்கள். முதல் கோட்டின் வெளிமுனையிலிருந்து கடைசிக் கோட்டின் வெளிமுனைக்கு, தூரம் அளக்கும் டிஸ்ட் போட்டால் 3720 வரவேண்டும். 3706 என்று காட்டினால் அந்த 10 டிகிரி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.