சத்திரத்து ஆவி – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணனுக்கு வணக்கம்,

உங்கள் பழைய வீட்டுப் பேய்க்கதைகளை விடாமல் படிக்கிறேன். நானும் ஒன்று எழுத ஆரம்பித்து மூன்று அத்தியாயம் முடித்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்குள் ஒரு சங்கு வியாபாரி செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா துப்புத் துலக்குகிறார். 64 புயலில் இறந்த ரயில்வே கார்டு ஒருவரின் ஆவி அவருக்கு உதவுகிறது. ரத்தம், அலறல் எதுவும் கிடையாது, சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் என் நண்பன் கேட்கிறான்: பேயே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட்டால் அக்காவுக்கு என்ன வேலை? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், தனுஷ்கோடியை விட நல்ல பாழடைந்த கட்டடம் நம்ம பக்கம் உண்டா?

ஒரு வாசகன், பாம்பன்

*

தம்பிக்கு,

படித்துவிட்டேன். அக்கா பிரமாதம், அவரை விட்டுவிடாதீர்கள். தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள்.

அந்த ஆவி ரயில்வே கார்டு என்கிறீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரும் முன்பே கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் தீவில் இருக்கின்றன. அந்த வண்டியிலிருந்து ஒருவரை எழுப்பிக் கொண்டுவந்து டீ குடிக்க வைத்து ஜோக் அடிக்க வைப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. துக்கக் கதை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள், அதற்குத் தகுந்த இடம்தான். இது அந்த வகைக் கதை இல்லையே.

மரியாதையை ஒதுக்கிவைத்துத் தொழிலாகப் பார்த்தாலும் அந்த இடம் உதவாது. தேவாலயத்துக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, பூட்டு இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததிலிருந்து பகல் முழுக்க வேன் வேனாக ஆட்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள், பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் வந்து போகிற இடத்தில் ‘உள்ளே யார் போயிருக்க முடியும்?’ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. இந்த வகைக் கதைகள், அதாவது சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கொலை கண்ணுக்கு மறைவாக நடந்துவிடுகிறது, போலீஸ் இல்லாத சாதாரண ஆள் ஒருவர் மூக்கை நுழைக்கிறார், மாடியில் ஒரு ஆவி குடியிருக்கிறது என்கிற இந்தக் கதைகள் எல்லாமே சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் ஓடுகின்றன. ஆகவே பாழடைந்த கட்டடம் வேண்டாம். பழைய கட்டடம் வேண்டும். இன்னமும் யாரோ ஒருவர் கரண்ட் பில் கட்டுகிற பழைய கட்டடம்.

என்னைக் கேட்டால் ராமேஸ்வரத்தில் ஒரு பழைய சத்திரம். சேது யாத்திரை வருகிறவர்களுக்காக ராமநாதபுரத்து ராஜாக்களான சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள், பின்னால் வெளியூர்க்காரர்களும் அவரவர் ஜனங்களுக்காகக் கட்டினார்கள். உங்கள் கதைக்கு ஒன்றைக் கற்பனையில் கட்டிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறார்கள், வருகைப் பதிவேடு இருக்கிறது, சாவிக்கொத்து மேனேஜர் இடுப்பில் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? அதோடு, செத்தவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வதற்காகவே இந்தியா முழுக்க இருந்து ஜனங்கள் அங்கே கடற்கரை அக்னி தீர்த்தத்துக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு ஆவி மட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஏன் போகவில்லை? அந்தக் கேள்வியிலேயே பாதிக் கதை கிடைத்துவிடும்.

எந்த வீட்டில் எந்த ஆவி என்பதிலும் கவனம் வேண்டும். கீழக்கரையில் பெரிய பெரிய பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, குடும்பம் சென்னையிலோ துபாயிலோ இருக்கும், ஒரு வயசான அம்மா மட்டும் பின்கட்டில் இருப்பார். அருமையான இடம்தான். ஆனால் அங்கே பேசப்படுவது ஜின்னைப் பற்றி. ஜின் செத்துப்போன மனிதர் கிடையாது, அது தனிப் படைப்பு. அதனால் இறந்த தாத்தா வந்து துப்புக் கொடுக்கிற கதையை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது. தங்கச்சிமடத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்து வீடு என்றால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளை மறந்துவிட்டு எழுத முடியாது. ஒரே மாவட்டத்துக்குள் செத்தவர்களுக்கு இத்தனை சட்டம் இருக்கிறது. ஆள் மேல் பேய் இறங்குகிற விஷயத்தை மட்டும் இந்த மாதிரி லேசான கதையில் தொடாதீர்கள். பேய் பிடித்தது என்று நம்பி ஆட்களைக் கூட்டிவருகிற ஏர்வாடி தர்கா பக்கத்தில், 2001இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்த மாவட்டம் இது.

சரி, நண்பர் கேட்ட கேள்வி. அது பழைய கேள்வி. 1929இலேயே ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், பத்து விதி போட்டார். அதில் இரண்டாவது, அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பது. மூன்றாவது, ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. (இந்த மூன்றாவதில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒன்று இருந்தால் பரவாயில்லையாம்.) இரண்டாவது விதியை நாம் மீறலாம், ஆனால் அது எதற்காகப் போடப்பட்டதோ அதை மீறக்கூடாது. ஆவி கேஸ் கொண்டுவரலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. சாட்சி சொல்ல வேண்டியது கட்டடம்.

நம் கடற்கரைக் கட்டடங்கள் சாட்சி சொல்வதில் கெட்டிக்காரக் கட்டடங்கள். உப்புக்காற்றில் புதுப் பூட்டு கொஞ்ச நாளிலேயே துரு ஏறிவிடும். பல வருஷமாகத் திறக்கவில்லை என்று மேனேஜர் சொல்கிற அறையில் பூட்டு பளபளவென்று இருந்தால், சாவித்துவாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பொய் சொல்வது பேய் இல்லை. பழைய சுவர்கள் பல இடங்களில் பவளக்கல்லும் சுண்ணாம்பும். சுவருக்குள் இருக்கிற உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யாத நாளிலும் சுவர் வியர்க்கும், காய்கிற காலத்தில் அதே உப்பு பூத்துப் பூச்சை உதிர்த்துத் தள்ளும். நடுராத்திரி பொத்தென்று ஒரு சத்தம் கேட்கும், காலையில் பார்த்தால் தரையில் சுண்ணாம்பு. அதிலும் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. 2001க்குப் பிறகு பவளப்பாறைக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குரிய பாதுகாப்பு வந்துவிட்டது, இப்போது வெட்டி எடுத்தால் ஜெயில். ‘போன வருஷம்தான் இந்த ஜன்னலை அடைத்தோம்’ என்று ஒருவர் காட்டுகிற இடத்தில் உள்ளே பவளக்கல்லாக இருந்தால் அந்தப் பேச்சு நம்பும்படியாகவா இருக்கிறது? கூரைக்குள் கூகை ஆந்தை ஒன்று இருந்தால் சீறலுக்கும் அலறலுக்கும் வேறு ஆள் தேடவேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடல்தான், நீங்கள் பாம்பன்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் தெற்கே ஆண்கடல் கொந்தளிக்கும், வடக்கே பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ், படகுகளையே அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள். இப்போது ஒருவர், ‘வடக்கு அறையில் படுத்திருந்தேன், அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை’ என்று சாட்சி சொல்கிறார். கொலை நடந்தது ஆடி அமாவாசைக்கு முந்தின ராத்திரி. மதுரையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு போய்விடுவார், டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிற அக்கா போகமாட்டார். உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள், அக்காவுக்கு வேலை இங்கே இருக்கிறது.

ஆவிக்கு எல்லை போட்டுவிடுங்கள். அது செத்த இடத்தை விட்டு நகராது என்று வைத்துக்கொண்டால், மாடி முற்றத்திலிருந்து என்ன தெரியுமோ அதுதான் அதற்குத் தெரியும். கப்பலேறித் தலைமன்னார் போன காலத்து ஆள் என்றால் அணாக் கணக்கு பேசும், செல்போனைப் பார்த்து முழிக்கும், வந்தவரை வேறு யாரோ என்று நினைத்துத் தப்பாகவும் சொல்லும். உங்கள் கார்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துபோய், மூன்றாவதில் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த மூன்றாம் அத்தியாயத்தில் அக்கா விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை வெளியே சுற்றுகிறார். காலை வியாபாரத்தை விட்டுவிட்டு எந்த டீக்கடைக்காரர் போவார்? கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முடிவு செய்துகொண்டு மறுபடி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.