ரோமிங் ஆன் செய்வதா, வேண்டாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரோமிங், அதாவது உங்கள் ஊர் சிம் வெளிநாட்டில் அங்குள்ள நெட்வொர்க்கில் ஓடுவது பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். ‘எது பெஸ்ட்?’ என்று இரண்டே வார்த்தையில் கேட்டவர்கள் மறுபடி எழுதவும்.

கே: வெளிநாடு போகிறேன். ரோமிங் பேக் போடலாமா, அங்கே போய் சிம் வாங்கலாமா?

எந்த நாடு? எத்தனை நாள்? இரண்டுமே கடிதத்தில் இல்லை. பொதுவாகச் சொன்னால், இரண்டு மூன்று நாள் வேலையாகப் போகிறீர்கள், உங்கள் வழக்கமான நம்பருக்கு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றால் ரோமிங் பேக். ஒரு வாரத்தைத் தாண்டினால் உள்ளூர் சிம் அல்லது இ-சிம்மில்தான் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) பெரும்பாலும் மிச்சமாகும். நடுவில் இருப்பவர்கள் இரண்டின் விலையையும் வைத்துக் கணக்குப் பாருங்கள். பேக்கும் போடாமல் ரோமிங்கையும் ஆன் செய்துவிட்டு ‘கொஞ்சமாகத்தானே பார்ப்பேன்’ என்று கிளம்புவது மட்டும் கூடவே கூடாது. நீங்கள் பார்க்காவிட்டாலும் போன் பார்த்துக்கொண்டிருக்கும்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி தேவைப்படும்?

மேப், மெசேஜ், கொஞ்சம் தேடல் என்றால் அரை ஜிபி தாராளம். நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் சுமார் 3 ஜிபி. போகும் ஊரின் மேப்பை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். போட்டோ பேக்கப்பை ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றுங்கள். லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதற்கு உங்கள் போனும் ஒரு வைஃபைதான். இதுதான் சமயம் என்று அப்டேட் முழுவதையும் இறக்க ஆரம்பித்துவிடும். அந்த இணைப்பு அளவுக்கு உட்பட்டது (metered) என்று லேப்டாப் செட்டிங்ஸில் குறித்துவிடுங்கள்.

கே: வீட்டு சிம்மில் ரோமிங்கை ஆஃப் செய்யச் சொல்லி முன்பு எழுதியிருந்தீர்கள். அதன்படி ரோமிங்கை ஆஃப் செய்தேன். பணம் கட்டி வாங்கிய இ-சிம்மில் நெட்டே வரவில்லை. இப்போது என்ன செய்ய?

நான் சொன்னதில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். இரண்டு சிம் போடும் போனில் டேட்டா ரோமிங் என்ற சுவிட்ச் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி. வீட்டு சிம்மில் ஆஃப். பயண இ-சிம்மில் ஆன். ஏனென்றால் பயணிகளுக்கு விற்கும் இ-சிம்களில் பல, வேறொரு நாட்டில் பதிவானவை. நீங்கள் போன நாட்டில் அவையும் ரோமிங்கில்தான் ஓடுகின்றன. அப்புறம், டேட்டா எந்த சிம்மில் என்ற இடத்தில் இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில், சிக்னல் குறைந்தால் தானாக மற்ற சிம்முக்கு மாறிக்கொள்ள அனுமதி கேட்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதையும் ஆஃப் செய்யுங்கள். அதுவும் வீட்டு சிம்மின் ரோமிங்கும் சேர்ந்து ஆனில் இருந்தால், இ-சிம் வாங்கியும் பில் வரும்.

இ-சிம்மையும் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். விற்றவர்கள் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றவே நெட் வேண்டும். விமான நிலையத்தில் இறங்கி அதற்கு எங்கே போவீர்கள்? அந்த க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் செல்லும். வேலை செய்யவில்லையே என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

கே: வங்கி ஓடிபி வர வேண்டும். வீட்டு சிம்மைக் கழற்றலாமா?

வேண்டாம். பல கம்பெனிகள் ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு வாங்குவதில்லை. சிம் உள்ளேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங் ஆஃபில் இருக்கட்டும். ஆனால் உங்கள் இணைப்பில் சர்வதேச ரோமிங் என்ற சேவையே திறந்திருக்க வேண்டும். போனில் இருக்கும் சுவிட்ச் வேறு, கம்பெனியிடம் இருக்கும் அனுமதி வேறு. கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: டேட்டா முழுக்க ஆஃப். ஒரு காலையும் எடுக்கவில்லை. ஆனாலும் பேசியதாக பில்!

வாய்ஸ்மெயில் (எடுக்காத காலில் பேசுவதைப் பதிவு செய்யும் வசதி) வைத்திருக்கிறீர்கள், சரிதானே? நீங்கள் எடுக்காத கால் முதலில் வெளிநாட்டுக்கு வந்து மணி அடிக்கிறது. பிறகு அங்கிருந்து வாய்ஸ்மெயிலுக்காக வீட்டுக்கே திரும்பிப் போகிறது. போனதும் உங்கள் கணக்கு, வந்ததும் உங்கள் கணக்கு. கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்தால் காலை இப்படி வேறிடத்துக்குத் திருப்பிவிடும் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

கே: ஒரு வாரம் கப்பல் பயணம். நிற்கும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பேக் போட்டாயிற்று. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். நாடுகளுக்குப் பேக் போட்டீர்கள். கடலுக்கு?

கரையிலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைல் தாண்டியதும் பல கப்பல்களில் சொந்த நெட்வொர்க் ஒன்று உயிர்பெறும். கப்பலுக்குள்ளேயே சின்ன சின்ன ஆன்டெனாக்கள், அங்கிருந்து செயற்கைக்கோள். உங்கள் போனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கரை டவர் மறைந்தது, இதோ இன்னொன்று, ஒட்டிக்கொள்வோம் என்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் முன்னால் நாட்டைக் குறிக்கும் மூன்று இலக்கம் உண்டு. கப்பல், விமான நெட்வொர்க்குகளில் அந்த இடத்தில் 901 இருக்கும். எந்த நாட்டுக்கும் சேராதவற்றுக்கு ஒதுக்கிய எண் அது. நாட்டுப் பேக் அங்கே எப்படிச் செல்லும்?

எனக்கே நடந்தது. இரவு கிளம்பிக் காலையில் போய்ச் சேரும் ஃபெரி. கரையில் பேக் நன்றாக வேலை செய்தது. அதே நிலையில் போனைச் சார்ஜில் செருகிவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் திரையின் மூலையில் கேள்விப்படாத ஒரு நெட்வொர்க் பெயர், கீழே வரிசையாக மூன்று எஸ்எம்எஸ். முதலாவது வரவேற்றது. இரண்டாவது கட்டணத்தைச் சொன்னது. மூன்றாவது, வரம்பைத் தாண்டியாயிற்று என்றது. இரவு முழுக்க நான் குறட்டை விட, என் போன் அன்று எடுத்த போட்டோக்களைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனியில் கேட்டால், ‘எச்சரிக்கை அனுப்பினோமே சார்’ என்றார்கள். நடுநிசியில், தூங்குகிறவனுக்கு! பேக் விற்கும் பக்கத்தில் நாடுகளின் பெயரை எல்லாம் கொடி போட்டுக் காட்டத் தெரிகிறது. ‘தரையில் மட்டும் செல்லும்’ என்று அதே அளவு எழுத்தில் ஒரு வரி போட மட்டும் கை வருவதில்லை. அது கடைசி அடிக்குறிப்பில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருக்கும். வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது கவனக்குறைவு இல்லை.

ஆகவே கப்பலில் ஏறியதும் ஏர்பிளேன் மோடு. வைஃபை வேண்டுமானால் அதை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். கப்பல் வைஃபைக்கு வேறு கட்டணம், ஆனால் அது தெரிந்து கட்டுவது. கரையில் இறங்கிய பிறகு போனை எழுப்புங்கள். ராத்திரி ஃபெரியும் கப்பல்தான். விமானத்திலும் இதே கதை: சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் ஏர்பிளேன் மோடை எடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கே: ஐரோப்பாவில் ரோமிங் இலவசம் என்கிறார்களே?

அவர்களுக்கு. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை என்பது அங்கே வாங்கிய சிம்முக்கான விதி. வெளியிலிருந்து கொண்டுபோகும் சிம்முக்கு அது பொருந்தாது. ஒரு நாட்டில் சிம் வாங்கினால் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனிலும் ஓடும், நியாயமான அளவு வரை. சுவிட்சர்லாந்து அந்த விதியில் இல்லை. ரயிலில் போகும்போது எல்லை தாண்டியதே தெரியாது, போனுக்குத் தெரியும்.

கே: எல்லையோர ஊரில் தங்கப்போகிறேன். பக்கத்து நாட்டு டவர் பிடித்துவிடுமா?

பிடிக்கும். தானாகத் தேர்வு செய்வதை நிறுத்தி, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

கே: நெட் வருகிறது, ஆனால் யாருக்கும் கால் போகவில்லை. போன் கெட்டுவிட்டதா?

போன் பழசு என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகள் 2022-லேயே 3ஜியை மூடிவிட்டன. வேறு பல இடங்களிலும் மூடிக்கொண்டிருக்கிறார்கள். 2ஜியும் இல்லாத இடங்களில் குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு உங்கள் போன், உங்கள் கம்பெனி, அந்த ஊர் நெட்வொர்க் மூன்றும் ஒத்துவர வேண்டும். வோல்ட்இ (VoLTE, 4ஜி வழியாகப் பேசும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் பேசுங்கள்.

கே: ஒரு நாள் பேக் என்றால் 24 மணி நேரமா?

சிலவற்றில் 24 மணி நேரம், சிலவற்றில் நள்ளிரவோடு முடியும். அந்த நள்ளிரவும் உங்கள் ஊர் நள்ளிரவாக இருக்கலாம். விதியைப் படியுங்கள்.

கே: இ-சிம் போட்டால் வாட்ஸ்அப் நம்பர் மாறிவிடுமா?

மாறாது. ‘நம்பரை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கே: ரோமிங்கில் இருந்தும் வீட்டு நாட்டு விளம்பரங்களே வருகின்றன, நெட்டும் மெதுவாக இருக்கிறது. ஏன்?

ரோமிங் டேட்டா பெரும்பாலும் உங்கள் கம்பெனி வரை போய்விட்டுத்தான் இணையத்துக்கு வெளியேறுகிறது. அதனால் இணையதளங்களுக்கு நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் சுற்றுவதால் தாமதம். உள்ளூர் சிம்மில் இந்தச் சுற்று இல்லை.

கே: என் போன் கடனுக்கு வாங்கியது. வேறு சிம் ஏற்குமா?

சிம் லாக், அதாவது விற்ற கம்பெனியின் சிம் மட்டுமே ஓடும்படி பூட்டு இருந்தால் ஏற்காது. போன் செட்டிங்ஸில் அறிமுகம் என்ற பக்கத்தில் சில போன்கள் காட்டும், இல்லையென்றால் விற்ற கம்பெனியைக் கேளுங்கள். இதையும் வீட்டில் இருக்கும்போதே.