கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, உபுண்டுவில் நெட் வரவில்லை. லினக்ஸ்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. விடுதி அறையில் பக்கத்துக் கட்டில் நண்பனின் விண்டோஸில் அதே கேபிளில் நெட் வருகிறது என்கிறீர்கள். நீங்களும் இந்நேரம் டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் நான்கு நாள் தேடினேன்.

என்னுடையது ஒல்லி லேப்டாப், லேன் போர்ட்டே கிடையாது. சேர்ந்த புதிதில் சீனியர் அண்ணா ஒருவரின் யுஎஸ்பி லேன் அடாப்டரை இரவல் வாங்கி ஓட்டினேன். உபுண்டுவில் செருகியதும் வேலை செய்தது. அப்புறம் ரிச்சி தெருவில் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அன்றோடு நெட் போயிற்று. நெட்வொர்க் ஐகான் முக்கால் நிமிடம் சுற்றும், பிறகு இணைக்க முடியவில்லை என்று சொல்லும். டெர்மினலில் 'ஐபி ஏ' (ip a) என்று கேட்டால் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி மட்டும் இருந்தது. அது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்வது. டிஹெச்சிபி சர்வர், அதாவது நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு முகவரி வழங்கும் சர்வர், தர வேண்டிய ஐபிவி4 முகவரியைக் காணோம். விடை அங்கேயே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. மலிவு அடாப்டர், டிரைவர் கோளாறு என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மாற்றினேன், உபுண்டுவை இரண்டு முறை மறுபடி போட்டேன்.

கணினி மையத்தில் போய்ச் சொன்னால், "லினக்ஸா? அதான் தம்பி பிரச்சினை, விண்டோஸ் போட்டுட்டு வா" என்றார்கள். போட்டேன். அதிலும் வரவில்லை! 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டியது. அதற்கும் அர்த்தம் ஒன்றுதான்: சர்வர் எதுவும் தரவில்லை.

ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. எங்கள் வளாகத்தில் பதிவு செய்த மேக் முகவரிக்கு மட்டும்தான் ஐபி கிடைக்கும். அந்த முகவரி அடாப்டருக்கு உரியது, லேப்டாப்புக்கு அல்ல. அண்ணாவுடையது ஏற்கெனவே பதிவானது, அதனால் ஓடியது. நான் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்ததோ என் வைஃபை அட்டையின் முகவரி. உபுண்டுவின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் மேக் முகவரியை மாற்றி வைக்கலாமே என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். விதிமீறல் என்று வம்பில் மாட்ட எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பதில் மாட்டியது படிவத்தில். மூன்று நகல், வார்டன் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து. பன்னிரண்டு எழுத்து மாற்ற அப்பாவின் ஆண்டு வருமானம் எதற்கு? இதே அலுவலகம்தான் தண்ணீர் வராத குழாய்க்கும் படிவம் கேட்டது. போகட்டும்.

'ஐபி ஏ' கொடுத்து, உங்கள் லேன் அடாப்டருக்கான 'லிங்க்/ஈதர்' (link/ether) என்ற வரியில் உள்ள மேக் முகவரியைப் பதிவு செய்ததோடு ஒப்பிடுங்கள். அது சரியாக இருந்தால், உங்கள் வளாகம் லேன் கேபிளுக்கும் 802.1எக்ஸ் உள்நுழைவு, அதாவது பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்த்த பிறகே நெட் தரும் முறை, கேட்கிறதா என்று விசாரியுங்கள். கேட்டால் இணைப்பு அமைப்பில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அதை இயக்கி, பெரும்பாலும் பீப் (PEAP) என்ற முறையைத் தேர்ந்து, கல்லூரி பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். உபுண்டு 22.04 முதல் குறியாக்கத்தைக் கவனிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 3ஆம் பதிப்பு வந்துவிட்டதால் பழைய சர்வர்களோடு இந்த இடத்தில் முரண்டு பிடிப்பதுண்டு. அப்படியானால் மட்டும் லினக்ஸைத் திட்டிக்கொள்ளுங்கள், அதிலும் பாதித் திட்டு சர்வருக்கு.