குளிர்காலத்தில் கேரேஜ் கதவு தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்கிறது. தடுக்க என்ன வழி?

கதவின் அடியிலிருக்கும் ரப்பர் பட்டைக்கும் தரைக்கும் நடுவே ஈரம் இல்லையென்றால், எவ்வளவு குளிரடித்தாலும் கதவு ஒட்டாது. அதனால் ஸ்பிரே, உப்பு என்று வாங்கப் போகும் முன் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் காரிலிருந்துதான் வரும். சக்கரத்துக்கு மேலே அப்பியிருக்கும் பனி, கார் உள்ளே வந்த பிறகு நிதானமாகக் கரைந்து சொட்டும். கேரேஜ் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருப்பதால் அத்தனையும் நேராகக் கதவடிக்கு ஓடி வந்து நிற்கும். வெளியே கதவோரம் குவிந்த பனியும் பகலில் உருகி, இரவில் அதே இடத்தில் இறுகும். ஆகவே காரை உள்ளே விடும் முன் பனியைத் தட்டிவிடுங்கள். கதவுக்கு வெளியே இரண்டடி அகலத்துக்காவது தரை தெரியும்படி பனியைத் தள்ளி வையுங்கள். படுக்கப் போகும் முன் கதவைத் தூக்கி, தேங்கிய நீரை வைப்பரால் வெளியே தள்ளிவிட்டு, ரப்பரின் அடிப்பக்கத்தையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அந்த ரப்பர். விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் நல்லது. விறைத்து, வெடிப்பு விட்டிருந்தால் அந்த வெடிப்புக்குள் நீர் புகுந்து உறையும், மாற்றிவிடுவது மேல். வினைல் பட்டை குளிரில் விறைத்துப்போகும். இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும். நன்றாகக் காய்ந்த பட்டையில் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும், கவனம். கிரீஸ், வாஸ்லின், என்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

உப்பு போடலாமா என்று கேட்பீர்கள். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. கால்சியம் குளோரைடு அதைவிடக் கடுங்குளிரிலும் ஐஸைக் கரைக்கும். ஆனால் எந்த உப்புநீரும் இரும்புக் கதவின் அடி விளிம்பைத் துருப்பிடிக்க வைக்கும், கான்கிரீட்டையும் பெயர்க்கும். வேறு வழியே இல்லாத நாளில் மட்டும் போடுங்கள்.

சரி, காலையில் கதவு ஒட்டிக்கொண்டுவிட்டது. தயவுசெய்து ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மோட்டார் மேலே இழுக்கும், ஐஸ் கீழே பிடித்துக்கொள்ளும். ஒன்று ரப்பர் கிழியும், இல்லையென்றால் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்துபோகும். கதவு மூடிய நிலையிலேயே, மேலே மோட்டார் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவியுங்கள். அப்புறம் உள்பக்கமிருந்து, ஒரு மூலையில் தொடங்கி ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே போங்கள். இளகிய இடத்தில் பிளாஸ்டிக் சுரண்டியை நுழைத்து ஐஸை எடுங்கள். கொதிநீர் ஊற்றினால் உடனே விட்டுவிடும்தான், ஆனால் அந்த நீரே மறுபடி அங்கே உறையும். கேரேஜைச் சூடாக்கலாம் என்று மூடிய கதவுக்குள் காரை மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

ஐஸ் விட்டதும் கையால் தூக்கிப் பாருங்கள். வழக்கத்தைவிட மிகக் கனமாக இருந்தால் கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தரையில் பள்ளம் விழுந்து அங்கே நீர் தேங்குகிறதென்றால் இப்போதைக்குத் துடைத்துத்தான் சமாளிக்க வேண்டும். உறைகுளிரில் சிமென்ட் சரியாக இறுகாது. வெயில் வந்ததும் கதவடியில் ஒரு குவளை நீரை ஊற்றி, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு அந்த இடத்தைப் பூசிவிடுங்கள்.